வெள்ளிக்கிழமை வந்த கடிதம்

பியூலா மேடம் இன்னும் வரவில்லை. பி.பி.ஏ. துறைக்கு வெளியே போட்டிருந்த மரப் பெஞ்சின் ஓரத்தில் பாதி உட்கார்ந்தும் பாதி உட்காராமலும் இருந்த மாரீஸ்வரி, அவர் வராமலே போய்விட்டால் நன்றாயிருக்கும் என்று ஒரு தடவையும், சீக்கிரம் வந்து தொலைத்தால் தேவலை என்று ஒரு தடவையும் நினைத்தாள். மடியில் பிளாஸ்டிக் ஃபைல். அதற்குள், பிசிக்ஸிலிருந்து பி.பி.ஏ.வுக்கு மாற்றிக்கொள்ள அனுமதி கேட்கும் விண்ணப்பம், அதில் அம்மாவின் கோணல் கையெழுத்து, பிசிக்ஸ் துறைத் தலைவர் எழுதிக் கொடுத்த 'ஆட்சேபணை இல்லை'. அதற்கு அடியில் ஒரு பழுப்புக் கவர். மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். எல்லாத் தாளையும் சேர்த்து எடை போட்டாலும் ஒரு சின்ன வெங்காயம் தேறாது, ஆனால் தொடை மரத்துப்போகிற அளவுக்கு அது கனத்தது. எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சொர்ணம் அக்கா, அந்தத் துறையின் அட்டெண்டர், ரப்பர் ஸ்டாம்பின் அழுக்கை ஒரு பழைய துணியால் துடைத்துக்கொண்டே, "மேடம் பிரின்சிபால் ரூம்ல இருக்காக பாப்பா. வந்துருவாக. இன்னைக்கு உன் காரியம் முடிஞ்சிரும்," என்றாள். நல்ல மனுஷி. அந்த நல்ல வார்த்தையைக் கேட்டதும் மாரீஸ்வரிக்கு உள்ளங்கை வியர்த்தது. காரியம் முடிஞ்சிரும். யாருடைய காரியம்? சுவர்க் கடிகாரத்தில் மணி பத்தே முக்கால். பதினொன்றே காலுக்கு இடைவேளை மணி அடிக்கும். மணி அடித்த கையோடு பைக்குள் இருக்கும் போன் துடிக்கும். தினமும் துடிக்கிறது, இன்றைக்கு மட்டும் விட்டுவிடுமா? அதற்குள் மேடம் வந்துவிட வேண்டும், அல்லது அதற்கு மேல்தான் வர வேண்டும், எது நல்லது என்று அவளுக்கே பிடிபடவில்லை.

"ஏன் பி.பி.ஏ.?" அதுதான் முதல் கேள்வி. பியூலா மேடம் வேறெதுவும் கேட்பதில்லையாம். போன வருஷம் வரலாற்றுப் பிரிவிலிருந்து மாறி வந்த ஒருத்தியிடம் இந்த ஒன்றைக் கேட்டுவிட்டுப் பேசாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். ஐந்து நிமிஷத்தில் அவள் அழுதே விட்டாளாம். மாரீஸ்வரி பதிலை மனப்பாடம் செய்து வைத்திருந்தாள், இங்கிலீஷில் ஒன்று, தமிழில் ஒன்று. நிர்வாகத்தில் எனக்கு ஆர்வம் உண்டு மேடம். சொந்தமாகத் தொழில் செய்ய ஆசை மேடம். சொல்லிப் பார்க்கிறபோதே அது அடுத்தவர் சட்டையைப் போட்டுக்கொண்ட மாதிரி தோளில் நிற்காமல் வழிந்தது. உண்மையைச் சொல்வதானால், பிசிக்ஸ் லேபில் எனக்குக் கண் தெரிவதில்லை மேடம் என்று சொல்ல வேண்டும். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை, கூட்டத்தில் அம்மாவின் சேலையை அரை மைலுக்கு அப்பாலிருந்து கண்டுபிடிப்பாள். ஆனால் அந்த இருட்டறையில், அந்தக் குட்டி லென்ஸுக்குள் குனிந்து, மேல் அளவுகோலில் எந்தக் கோடு கீழ் அளவுகோலின் எந்தக் கோட்டோடு ஒன்றாய் நிற்கிறது என்று பார்க்கும்போது எல்லாக் கோடுகளும் ஒன்றாய் நிற்கும், அல்லது ஒன்றுமே நிற்காது. பின்னால் மிஸ் வந்து நிற்பார். அவருடைய பவுடர் வாசனை வரும். பதினேழு என்பாள். பக்கத்துப் பெண் பதினேழு என்று சொன்னதால் அவளும் பதினேழு. வந்த எண்ணை எழுதுவதை விட்டுவிட்டு, வர வேண்டிய எண்ணை முதலில் எழுதிவிட்டு அதற்கேற்றபடி பின்னாலிருந்து அளவுகளை ஜோடிக்கக் கற்றுக்கொண்டாள். ஜூலையில் சேர்ந்தவள் ஆகஸ்டிலேயே அதில் தேறிவிட்டாள். முதல் தேர்வில் இருபத்தைந்துக்கு ஆறு. ஆறு என்று பேப்பரில் சிவப்பாய்ப் பார்த்த அன்றைக்குக்கூட அவ்வளவு பயமில்லை. இப்படியே மூன்று வருஷம் பொய்யளவு எழுதி, பிறகு பி.எட். முடித்து, ஒரு நாள் ஐம்பது பிள்ளைகள் முன்னால் நின்று அந்த லென்ஸை எடுத்துக் காட்டப் போகிறோமே என்று நினைத்த ராத்திரியில்தான் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டாள். பொய்யளவு. அந்த வார்த்தையில் மனசு வந்து இடறி நின்றது. ஃபைலை மெல்லத் திறந்து பார்த்தாள். கவர் அங்கேயேதான் இருந்தது. எங்கே போய்விடும்?

கவரின் மேல், 'துறைத் தலைவர், பி.பி.ஏ. துறை' என்று உருண்டை உருண்டையான எழுத்து. கோமதியின் எழுத்து. சங்கரகோமதி, பி.பி.ஏ. முதல் வருஷம், சங்கரன்கோவில் பக்கத்துப் பிள்ளை, ஹாஸ்டலில் இருபத்திரண்டாம் அறை, ஜன்னலோரக் கட்டில். அதற்கு எதிர்க் கட்டில் மாரீஸ்வரியுடையது, வெயில் வராத பக்கம். முதல் நாளே, "நீ வேணா ஜன்னப் பக்கம் படுத்துக்கடி, எனக்கு எங்க படுத்தாலும் தூக்கம் வரும்," என்று சொன்னவள். அப்படிச் சொன்னதற்காகவே அந்தக் கட்டிலை வாங்கிக்கொள்ள மாரீஸ்வரிக்கு வெட்கமாய் இருந்தது. இப்போது? இப்போது அந்தக் கட்டிலில் மாரீஸ்வரியின் சுடிதார் இரண்டு, துவைத்த துண்டு, ரெக்கார்டு நோட்டுகள், ஒரு முறுக்கு டப்பா எல்லாம் பரந்து கிடக்கின்றன. யாரும் சொல்லவில்லை, அதுபாட்டுக்கு ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்துவிட்டன. எல்லாம் அந்தப் புத்தகத்தால் வந்தது. கோமதியின் மேனேஜ்மென்ட் புத்தகம். ஒரு நாள் கோமதி அதை வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தாள். ஒரு மேற்பார்வையாளருக்குக் கீழே எத்தனை பேர் இருந்தால் வேலை ஒழுங்காய் நடக்கும் என்று ஒரு பாடம். மாரீஸ்வரி எட்டிப் பார்த்தாள். அதில் என்ன இருக்கிறது புரியாமல் போக? அம்மா வேலை பார்க்கிற கடலைமிட்டாய்க் கம்பெனியில் முன்பு பன்னிரண்டு பெண்களுக்கு ஒரு மேஸ்திரி இருந்தார், அவர் எல்லோர் பெயரும் அறிவார், யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்பதும் அறிவார். பிறகு முதலாளி இன்னொரு கொட்டகையையும் அவர் தலையில் கட்டினார். முப்பது பேர். அன்றையிலிருந்து நாலு பேர் மாற்றி மாற்றிக் கக்கூஸ் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்கள், பாகு முறிந்தது, மேஸ்திரி கத்த ஆரம்பித்தார், கத்துகிறவரை யார் மதிப்பார்கள்? இதைச் சொல்லச் சொல்ல அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, யாரோ உள்ளே விளக்குப் போட்ட மாதிரி. கோமதி புத்தகத்தை மூடிவிட்டு அவளையே பார்த்தாள். "ஏட்டி மாரி, நீ தப்பான கிளாஸ்ல உக்காந்திருக்கட்டி," என்றாள். அதற்குப் பிறகு கோமதியின் அசைன்மென்ட் எல்லாம் இருவரும் சேர்ந்துதான், உண்மையில் மாரீஸ்வரிதான். ஏன் பி.பி.ஏ.? கோமதி சொன்னாள் மேடம், அதனால்தான். இதைச் சொல்ல முடியுமா? இதைச் சொன்னால் அடுத்த கேள்வி, கோமதி எங்கே?

கோமதி எங்கே. கோமதி திருநெல்வேலியில், பெரிய ஆஸ்பத்திரியில், எலும்பு முறிவு வார்டில், அம்மாவின் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருக்கிறாள். வேலைக்குப் போகிற வேன் கவிழ்ந்து அவள் அம்மாவுக்கு இடுப்பெலும்பு உடைந்துபோயிற்று. செய்தி வந்த செவ்வாய்க்கிழமை ராத்திரி, பையில் கையில் கிடைத்த துணியைத் திணித்துக்கொண்டே, "இனிமே எனக்குப் படிப்பாவது ஒன்னாவது. எங்க வீட்டுல அம்மாவுக்கு மூத்திரச் சட்டி எடுக்க என்ன விட்டா யாரு இருக்கா?" என்று அழுதாள். அவசரத்தில் போன் தரையில் விழுந்து கண்ணாடி சிதறியது. மறுநாளிலிருந்து வரவில்லை. ஒரு வாரம் ஆயிற்று, அதற்கு மேலும் ஆயிற்று. அவள் வரமாட்டாள் என்று மாரீஸ்வரியா சொன்னாள்? ஹாஸ்டலே சொன்னது. வார்டன் சொன்னார். ஒரு வெள்ளிக்கிழமை இதே சொர்ணம் அக்காதான், "பி.பி.ஏ. வேணும்னு ஆகஸ்ட்லருந்து வந்து வந்து கேட்டுட்டுப் போனியே பாப்பா, ஒரு எடம் விழும்போல இருக்கு. தொடர்ந்து பதினஞ்சு காலேஜ் நாள் லெட்டர் இல்லாம வரலைனா பேர எடுத்துருவாக. நீ எதுக்கும் எழுதிக் குடு," என்றாள். காதில் தேன் பாய்ந்தது. பாய்ந்ததா? பாய்ந்தது, பொய் சொல்வானேன். மறுநாளே, சனிக்கிழமை, தலைவலி என்று ஹாஸ்டல் நோட்டில் எழுதிவைத்துவிட்டு முதல் பஸ்ஸில் ஊருக்குப் போய் அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தாள். "அதுல என்னத்தப் படிப்பாக?" என்று கேட்டாள் அம்மா. ஒரு தொழிலை எப்படி நடத்துறதுன்னு சொல்லிக்குடுப்பாக. அம்மா சிரித்துவிட்டாள். "எங்க மொதலாளி அஞ்சாங் கிளாஸ். அவரு எந்தக் காலேஜுல படிச்சாரு?" ஆனால் கையெழுத்துப் போட்டாள். போடும்போது, "யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாகளே? யாரு வயித்துலயும் அடிக்கலையே?" என்றாள். அம்மாவுக்கு எதற்கெடுத்தாலும் அந்தப் பேச்சுத்தான், பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக் கிடைத்தால்கூட யார் இடமோ என்று பார்ப்பாள். இல்லம்மா, காலியா கெடக்குற எடம். அன்றைக்கு அது பொய்யில்லை. சாமி சத்தியமாய்ப் பொய்யில்லை. அவள் வரமாட்டேன் என்றாள், இடம் காலியாய்க் கிடந்தது, இவள் எழுதிக் கொடுத்தாள். அதோடு நின்றிருந்தால் இன்றைக்கு இந்தப் பெஞ்சில் முழுதாய் உட்கார்ந்திருக்கலாம்.

நிற்கவில்லை. போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹாஸ்டல் வார்டன் போனுக்குக் கோமதி பேசினாள், அவள் அப்பாவின் பட்டன் போனிலிருந்து. அத்தை ஒருத்தி ஒத்தாசைக்கு வரப் போகிறாளாம், காலேஜுக்குத் திரும்பி வந்துவிடுவாளாம், மேடத்திடம் அப்பா பேசியதற்கு லெட்டர் கொடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டார்களாம், லெட்டரையும் டாக்டர் சீட்டையும் கோவில்பட்டி பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டிருக்கிறாளாம். "அஞ்சரைக்கு வரும்டி. வாங்கி அப்படியே மேடம் கைல குடுத்துரு." நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை. ரூம்மேட்டிடம் யார் நன்றி சொல்வார்கள்? பஸ் ஸ்டாண்டில் டீசல் புகையும் வாழைப்பழத் தோலும். கண்டக்டர் படிக்கட்டில் தொங்கிக்கொண்டே வந்தவர், பெயரைக் கேட்டு, சட்டைக்குள்ளிருந்து கவரை எடுத்துக் கொடுத்தார். தோல் பையில் போட்டால் கசங்கிவிடும் என்று சட்டைக்குள் வைத்திருந்தாராம். "பத்திரம்மா. அந்தப் புள்ள மூணு வாட்டி சொல்லிவிட்டுச்சு," என்றார். கவர் அவர் உடம்புச் சூட்டோடு இருந்தது. ஒட்டவில்லை, மடித்துச் செருகியிருந்தது. படித்தாள். என் மகள் சங்கரகோமதி தாயாரின் உடல்நிலை காரணமாக, என்று ஆரம்பித்து, கருணை கூர்ந்து, என்று முடிந்திருந்தது. படித்து முடித்தபோது காலேஜ் பூட்டியிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். பூட்டியிருக்காது, ஆறு மணி வரை ஆள் இருப்பார்கள், அது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் பூட்டியிருக்கும் என்றே வைத்துக்கொண்டாள். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான். எட்டு மணிக்குத் திரும்ப போன். இந்தத் தடவை மாரீஸ்வரியின் போனுக்கே. குடுத்துட்டியா? அந்த ஒரு நொடியை இந்த நாலு நாளில் நானூறு தடவை அவள் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டாள். நாளைக்குக் குடுக்கறேன்டி என்று சொல்லியிருக்கலாம். அதுகூட அரைப் பொய்தான், பாதகமில்லை. ஆனால் வாய் அதுபாட்டுக்கு, "குடுத்துட்டேன்," என்றது. லேபில் பதினேழு என்று சொல்கிற அதே வாய். "மேடம் என்ன சொன்னாகடி?" "சரின்னாக." கோமதி விட்ட பெருமூச்சு போன் வழியாகக் காதில் சுட்டது. அன்றையிலிருந்து தினமும் பதினொன்றே காலுக்கு, டாக்டர் வந்து போனதும், கூப்பிடுகிறாள். லெட்டரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதைத்தான் கொடுத்தாயிற்றே. வார்டில் பக்கத்துக் கட்டில் கிழவர் பாட்டுப் பாடுகிறார், நர்ஸ் ஒருத்திக்கு இவளைப் பிடித்துப்போய்விட்டது, இப்படி. மாரீஸ்வரி உம் கொட்டுவாள்.

பதினொன்று அடிக்கப் பத்து. இல்லை, எட்டு. வகுப்பறையிலிருந்து பி.பி.ஏ. பெண்கள் நாலைந்து பேர் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு வெளியே வந்து, ஏதோ தாளை மாற்றி மாற்றிப் பார்த்து இங்கிலீஷில் முணுமுணுத்தார்கள். அவர்களுக்கு இன்றைக்கு மேடையில் பேச வேண்டிய நாள் போலிருக்கிறது. ஐயோ, அதுவேறு இருக்கிறதே. கோட்டுப் போட்டு, நிமிர்ந்து நின்று, குட் மார்னிங் எவ்ரி ஒன். அந்தக் கோட்டுக்குள் தான் நிற்பதை நினைத்துப் பார்த்தாள். கைமட்டும் தெரிந்தது, முகம் இருந்த இடத்தில் கோமதியின் முகம் இருந்தது. சட்டென்று எழுந்து நின்றாள். "என்ன பாப்பா?" என்றாள் சொர்ணம் அக்கா. "தண்ணி குடிக்கணும்க்கா." தண்ணீர்க் குழாய்வரை போய், குடிக்காமல் திரும்பி வந்தாள். கொடுத்துவிடலாம். இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அவள் விரல் விட்டு எண்ணித்தானே வைத்திருக்கிறாள்: புதன், வியாழன், வெள்ளி, மூன்று, அடுத்த வாரம் ஐந்து, எட்டு, போன வாரம் ஐந்து, பதிமூன்று, நேற்றுத் திங்கள் பதினான்கு, இன்றைக்குத்தான் பதினைந்து. இந்த நாலு நாளும் அவளைத் தூங்கவிட்டது அந்தக் கணக்குத்தான். சனிக்கிழமை ஹாஸ்டலில் படுத்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமை வரை நேரமிருக்கிறது, கொடுக்கத்தானே போகிறோம் என்று நினைத்தாள். நேற்று இரண்டு தடவை இந்த வாசல்வரை வந்தாள், இரண்டு தடவையும் செருப்பைக் கழற்றுகிற இடத்தில் கால் நின்றுவிட்டது. நாளைக்கு இருக்கிறதே. இன்றைக்கு நாளை இல்லை. இன்றைக்குக் கவரைக் கொடுத்தால் கோமதிக்குக் கோமதியின் இடம். மாரீஸ்வரி அந்த இருட்டறைக்குப் போக வேண்டும், பவுடர் வாசனை, பதினேழு, மூன்று வருஷம். கொடுக்காவிட்டால், எப்படியும் நாலு நாளில் கோமதி வந்து நிற்பாள். வந்து என்ன கேட்பாள்? அவள் கேட்கமாட்டாள், அதுதான் பயம். மேடத்திடம் போய்த்தான் கேட்பாள், இவள் பொய் சொல்லியிருப்பாள் என்று அவளுக்குத் தோன்றவே தோன்றாது. கண்டக்டர் தொலைத்துவிட்டார் என்பாள், மேடம் மறந்துவிட்டார் என்பாள், ஊரில் உள்ள அத்தனை பேரையும் சந்தேகப்படுவாள், எதிர்க் கட்டிலை மட்டும் விட்டுவிடுவாள். கவரின் ஓரம் கைவியர்வையில் நனைந்து, உருண்டை எழுத்தில் ஒன்று லேசாய்க் கரைந்திருந்தது. துடைத்தாள். இன்னும் கரைந்தது. கொடுத்துவிடுகிறேன், கொடுத்துவிடுகிறேன் முருகா, மேடம் கேள்வி கேட்பதற்கு முன்னால் கொடுத்துவிடுகிறேன், கேட்டுவிட்டால் என்னால் முடியாது என்று நினைக்கும்போதே வராந்தாக் கோடியில் பியூலா மேடத்தின் கைப்பை தெரிந்தது.

உள்ளே ஃபேன் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பியூலா மேடம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விண்ணப்பத்தை வாங்கினார், அம்மாவின் கையெழுத்தைப் பார்த்தார், பிசிக்ஸ்காரர்களின் தாளைப் பார்த்தார். அந்தக் கேள்வி வரவில்லை. "ஆகஸ்ட்ல இருந்து அலையுற, இல்ல? உனக்கு நேரம் நல்லாருக்கு. ஒரு இடம் விழுந்திருக்கு," என்று பேனாவைத் திறந்தார். விழுந்திருக்கு. விழும் என்று சொல்லவில்லையே, விழுந்திருக்கு என்றாரே. மாரீஸ்வரி கவரை மேஜைமேல் வைத்தாள். வைத்தது தன் கைதான் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது. "மேடம், இது கோமதியோட லெட்டர். சங்கரகோமதி. அவுக அம்மாவுக்கு இடுப்பு எலும்பு, ஆஸ்பத்திரில, டாக்டர் சீட்டும் இருக்கு மேடம்." மேடம் பேனாவை விரலிடுக்கில் வைத்துக்கொண்டே படித்தார். மெதுவாகப் படித்தார். பிறகு வருகைப் பதிவேட்டை இழுத்துத் திறந்தார். ஒரு பெயரின் மேல் சிவப்புக் கோடு, ஸ்கேல் வைத்து இழுத்த நேர்கோடு. "நேத்தோட பதினஞ்சு நாள் முடிஞ்சுபோச்சேம்மா," என்றார். "இல்ல மேடம், இன்னைக்குத்தான் பதினஞ்சு. நான் எண்ணுனேன் மேடம்." "நடுவுல ஒரு சனிக்கிழமை காலேஜ் வச்சோமே, போன மாசம் கோயில் கொடைத் திருவிழாவுக்கு விட்ட லீவுக்கு ஈடு கட்ட. அது உன் கணக்குல வரலியா?" சனிக்கிழமை. தலைவலி. முதல் பஸ். அம்மா அடுப்படியில் நின்று, யாரு வயித்துலயும் அடிக்கலையே என்று கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்ட சனிக்கிழமை. அன்றைக்குக் காலேஜ் நடந்தது என்பதே அவள் எண்ணிக்கையில் இல்லை, ஏனென்றால் அன்றைக்கு அவள் இந்த இடத்தை வாங்கப் போயிருந்தாள். "அவங்க அப்பா போன் பண்ணப்ப, லெட்டர் ஒன்னு வந்தா போதும், நான் பாத்துக்கறேன்னு சொன்னேன். நேத்து சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் இந்த ரெஜிஸ்டர மூடாம வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். வரல. அப்புறம் அடிச்சிட்டேன். பிரின்சிபால் கையெழுத்தும் ஆயிருச்சு," என்றார் மேடம். அவர் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. நேற்று ஐந்து மணிக்கு மாரீஸ்வரி செருப்பைக் கழற்றுகிற இடத்தில் நின்றிருந்தாள். கதவுக்கும் அவளுக்கும் நடுவில் பத்தடி இருந்திருக்கும்.

மேடம் கடிதத்தை மடித்துக் கவருக்குள் திரும்பச் செருகினார். "பஸ்ல குடுத்துவிட்டிருப்பாங்க. இந்தக் கண்டக்டர்மாரே இப்படித்தான், பெட்டிக்குள்ள போட்டுட்டு நாலு நாள் மறந்துருவாங்க. உன்மேல தப்பு இல்லம்மா. இன்னைக்குத்தான வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு, விண்ணப்பத்தை இழுத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பேனா முனையை வைத்தார். எவ்வளவு வசதி. ஆமாம் மேடம் என்று சொன்னால் போதும், ஏன் சொல்லக்கூட வேண்டாம், தலையை ஆட்டினால் போதும். கோமதியின் பேர் போனது போனதுதான், இவள் தலையை ஆட்டினாலும் ஆட்டாவிட்டாலும். ஜன்னலோரக் கட்டில், புத்தகம், உள்ளே எரியும் விளக்கு, எல்லாம் ஒரு தலையாட்டலுக்கு. பயம் இப்போதுதான் உண்மையாக வந்தது, இதுவரை வந்ததெல்லாம் அதன் நிழல்தான். தான் தலையை ஆட்டிவிடுவோம் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. கவர் நினைவுக்கு வந்தது. கசங்கிவிடக்கூடாது என்று சட்டைக்குள், நெஞ்சோடு வைத்து எடுத்து வந்த மனிதர். அந்தச் சூடு. "இல்ல மேடம்," என்றாள். தன் குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. "வெள்ளிக்கிழமையே வந்துருச்சு. எங்கிட்டதான் இருந்துச்சு. கண்டக்டர் அண்ணன் அன்னைக்கே குடுத்துட்டாரு." பேனா முனை தாளைத் தொட்ட இடத்தில் ஒரு நீலப் புள்ளி விழுந்திருந்தது. மேடம் பேனாவை எடுத்து மூடியை மாட்டினார். அவளையே பார்த்தார். "ஏன்?" என்று கேட்டார். இங்கிலீஷில் ஒன்று, தமிழில் ஒன்று என்று வைத்திருந்த பதில் எதுவும் வரவில்லை. "எனக்கு அந்த இடம் வேணும்னு இருந்துச்சு மேடம்," என்றாள். மேடம் பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே இடைவேளை மணி அடித்தது. மடியிலிருந்த பைக்குள் போன் துடித்தது, நின்றது, மறுபடி துடித்தது. "யாரு?" "கோமதி மேடம்." விண்ணப்பமும் கவரும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. "எடு," என்றார் மேடம்.

எடுத்தாள். காதில் வைப்பதற்குள் கோமதி பேச ஆரம்பித்துவிட்டாள், பின்னால் வார்டு இரைச்சல், பாட்டுப் பாடும் கிழவர். "மாரி! அம்மா இன்னைக்குக் கம்பியப் பிடிச்சு எந்திச்சு நின்னுட்டாடி! அத்தையும் வந்தாச்சு. நாளைக்கு முத பஸ்ஸுக்கு நான் வாரேன். என் கட்டில்ல ஒன் துணிமணிய எல்லாம் பரப்பி வச்சிருப்ப, எனக்குத் தெரியும், அதக் கொஞ்சம் எடுத்துரு, என்ன?" மாரீஸ்வரிக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு மேஜை மங்கியது. "கோமதி," என்றாள். "நான் அந்த லெட்டரக் குடுக்கலட்டி."

"எந்த லெட்டர?" என்று கேட்டாள் கோமதி. சிரிப்பு இன்னும் அவள் குரலில் இருந்தது.